பொதுக் கணினியில் புதிய கணக்குகளுக்கு முன்னமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே கணினியில் காலையில் ஒருவர், மதியம் ஒருவர், வெள்ளிக்கிழமை மட்டும் வரும் இன்னொருவர் என்று பலர் மாறி மாறி உட்காரும் அலுவலகங்களில் அந்தக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாக ஒருவருக்குக் கணக்குத் திறந்து கொடுத்த நாளில் போன் ஓயாது. பிரிண்ட் வேறு எங்கோ போகிறது, தேதி தலைகீழாக இருக்கிறது, பிடிஎஃப் பிரவுசரில் திறக்கிறது என்று ஒவ்வொன்றாக வரும். இதில் பெரும்பாலானவற்றை அவர் வந்து உட்காருவதற்கு முன்பே சரிசெய்து வைத்திருக்கலாம். அதைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. விண்டோஸ்தான் அதிகம்; லினக்ஸும் மேக்கும் பின்னால் வருகின்றன.

என் கணக்கில் எல்லாவற்றையும் சரியாக வைத்துவிட்டேன். அடுத்தவர் நுழைந்தால் ஏன் பழையபடியே இருக்கிறது?

நீங்கள் வைத்தது உங்களுக்கு மட்டும் என்பதால்தான். கணினியின் நேரம், நெட்வொர்க், நிறுவிய மென்பொருள்கள் போன்றவை கணினிக்குச் சொந்தம்; யார் வந்தாலும் அவை அப்படியே இருக்கும். டெஸ்க்டாப் படம், டாஸ்க்பாரில் எவை நிற்க வேண்டும், சுட்டி எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் போன்றவை ஆளுக்குச் சொந்தம். இந்த இரண்டாவது வகையை ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி மூட்டையாகக் கட்டி வைக்கிறது கணினி. புரொஃபைல் என்பது அந்த மூட்டைதான். உங்கள் மூட்டைக்குள் எதை மாற்றினாலும் பக்கத்து மூட்டைக்குத் தெரியாது.

அட்மின் உரிமையோடு நுழைந்து மாற்றினாலும் இதே கதைதான். அட்மின் கணக்கும் ஒரு கணக்கு. அதற்கும் ஒரு தனி மூட்டை.

அப்படியானால் புதியவருக்கு முதல் மூட்டை எங்கிருந்து வருகிறது?

ஒரு மாதிரி மூட்டையிலிருந்து. விண்டோஸில் சி டிரைவின் 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் 'டிஃபால்ட்' என்று ஒன்று மறைந்திருக்கிறது. மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால்தான் கண்ணில் படும். ஒருவர் அந்தக் கணினியில் முதன்முதலாக நுழையும்போது விண்டோஸ் இதை நகலெடுத்து அவருடைய கோப்புறையாக்குகிறது. 'ஹாய்' சொல்லிவிட்டுச் சற்று நேரம் காக்கவைக்கிறதே ஒரு திரை, அதன் பின்னால் நடக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று.

கணக்குத் திறக்கும்போது நகல் எடுப்பதில்லை, முதல்முறை நுழையும்போதுதான் எடுக்கிறது. திங்களன்று கணக்குத் திறந்து, புதனன்று மாதிரியைத் திருத்தி, வியாழனன்று அவர் வந்து உட்கார்ந்தால் அவருக்குப் புதன்கிழமை மாதிரிதான் கிடைக்கும். அதே ஆள் பத்துக் கணினிகளில் மாறி மாறி உட்கார்ந்தால், புரொஃபைலைச் சர்வரில் வைத்து ஆளோடு கொண்டுவரும் ரோமிங் ஏற்பாடு இல்லாத வரை, பத்திலும் பத்து நகல்கள். ஒரு கணினியில் மட்டும் மாதிரியைத் திருத்திவிட்டு 'வேலை முடிந்தது' என்று எழுந்து வருபவர்கள் சறுக்கும் இடம் இது.

மாதிரியை மாற்றினால் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் மாறுமா?

மாறாது. நகல் எடுத்ததோடு உறவு முடிந்தது.

எந்த இயங்குதளமாக இருந்தாலும் முன்னமைப்பு மூன்று வழிகளில்தான் வருகிறது. நான் அவற்றை அச்சு, அடித்தளம், பூட்டு என்று பிரித்துக்கொள்வேன். அச்சு என்பது வார்ப்பு அச்சு, அதாவது மேலே சொன்ன மாதிரி மூட்டை: ஒருமுறை வார்த்துக் கொடுத்துவிடும், பிறகு பின்தொடராது. அடித்தளம் அப்படியல்ல. பயனர் தானாக எதையும் தேர்ந்தெடுக்காத வரை மென்பொருள் கீழே இருக்கும் பொது அமைப்பைப் பார்த்துக்கொள்ளும். அதை நாம் மாற்றினால் தொடாதவர்கள் அனைவருக்கும் மாறும், தொட்டவருக்கு அவர் தேர்ந்ததே நிற்கும். பூட்டு என்றால் நாம் வைத்ததுதான். பயனருக்கு அந்த இடம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும்.

ஒரு அமைப்பைத் தொடுவதற்கு முன் இது மூன்றில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் ஒன்றை இன்னொன்றாக எண்ணிச் செய்ததால் வந்தவை.

விண்டோஸ் மாதிரியில் எங்கே கைவைப்பது?

கோப்பாக வைக்கக்கூடியதை அந்த 'டிஃபால்ட்' கோப்புறையில் அப்படியே போடலாம். ஆனால் பெரும்பாலான விருப்பங்கள் தனிக் கோப்புகளில் இல்லை. 'என்டியூசர்' என்ற ஒற்றைக் கோப்புக்குள், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற தரவுத்தளத்தின் வடிவத்தில் இருக்கின்றன. அதைத் திறக்க ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் 'எச்கீ யூசர்ஸ்' என்ற கிளையைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் 'லோட் ஹைவ்' கொடுத்து, டிஃபால்ட் கோப்புறையில் இருக்கும் அந்தக் கோப்பைக் காட்ட வேண்டும். ஒரு தற்காலிகப் பெயர் கேட்கும். 'மாதிரி' என்றே வைத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, கோப்புப் பெயரின் பின்னொட்டு தெரியும்படி செய்வோம். 'மாதிரி'க்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், எக்ஸ்புளோரர், அட்வான்ஸ்டு என்று வரிசையாக இறங்கி 'ஹைட்ஃபைல்எக்ஸ்ட்' என்பதற்கு 0 கொடுக்க வேண்டும். அங்கே அது இல்லையென்றால் 32 பிட் எண் வகையில் உருவாக்கிக்கொள்ளலாம். இது வெறும் அழகுக்காக அல்ல. பின்னொட்டு மறைந்திருந்தால், பிடிஎஃப் என்று பெயரிலேயே எழுதி வைத்து உண்மையில் நிரலாக இருக்கும் கோப்பு மின்னஞ்சலில் வரும்போது அசல் பிடிஎஃப் போலவே தெரியும். நான் எங்கே போனாலும் முதலில் மாற்றுவது இதைத்தான்.

முடித்ததும் 'மாதிரி' கிளையைத் தேர்ந்தெடுத்து 'அன்லோட் ஹைவ்' கொடுக்க வேண்டும். இதை மறந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மாலை அவசரத்தில் எடிட்டரை மட்டும் மூடிவிட்டுக் கிளம்பிவிட்டேன். எடிட்டரை மூடினால் கோப்பும் விடுபடும் என்று நினைப்பு. விடுபடவில்லை. மறுநாள் காலை புதிதாகச் சேர்ந்த பெண் சரியான பாஸ்வேர்டைத்தான் போட்டார். யூசர் புரொஃபைல் சர்வீஸால் உள்ளே விட முடியவில்லை என்று செய்தி வந்து வெளியே தள்ளியது. ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தவர்கள் எல்லோரும் சாதாரணமாக நுழைந்தார்கள். நகலெடுக்க வேண்டிய கோப்பு வேறொரு கையில் பிடிபட்டுக் கிடந்ததால் புதியவருக்கு மட்டும் சிக்கல். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது, அதற்குள் பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றிப் பார்த்தாயிற்று.

ரெஜிஸ்ட்ரியில் ஏற்கெனவே 'டிஃபால்ட்' என்று ஒரு கிளை தெரிகிறதே, அதிலேயே மாற்றினால் போதாதா?

போதாது. முன்னால் ஒரு புள்ளியோடு இருக்கும் அந்தக் கிளை புதிய பயனருக்கான மாதிரி அல்ல. அது 'லோக்கல் சிஸ்டம்' என்ற, விண்டோஸ் தன் சொந்த வேலைகளுக்கு வைத்திருக்கும் கணக்கின் மூட்டை. லாகின் திரையில் எண் விசைகள் உயிரோடு இருக்க வேண்டுமா என்பது போன்ற ஒன்றிரண்டுக்கு அதைத் தொட வேண்டியிருக்கும். மற்றபடி அங்கே எதை எழுதினாலும் புதியவருக்குப் போய்ச் சேராது. பெயரை வைத்தவர்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

ஒரு கணக்கை அழகாக அமைத்து, அதையே டிஃபால்ட் கோப்புறை மேல் நகலெடுத்து ஒட்டிவிட்டால் வேலை சுலபம்தானே?

இந்த யோசனை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது, செய்தும் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது.

என் கணக்கைப் பார்த்துப் பார்த்து அமைத்து, மாதிரியின் மேல் ஒட்டினேன். அடுத்து நுழைந்தவருக்கு டெஸ்க்டாப் நன்றாகத்தான் இருந்தது. வேர்டைத் திறந்தார், அண்மையில் திறந்த கோப்புகள் பட்டியலில் முதலில் நின்றது 'விடுப்பு விண்ணப்பம் - கடைசி - இதுதான் கடைசி'. அது என்னுடையது. சில மென்பொருள்கள் கோப்பைச் சேமிக்க என் கோப்புறையைத் தேடிப் போயின, உரிமை இல்லை என்று திரும்பி வந்தன. இன்னொருவருக்கு ஸ்டார்ட் மெனு திறக்கவே இல்லை. வாழ்ந்த வீட்டில் ஆளின் தடம் இருப்பது போல, புழங்கிய புரொஃபைலுக்குள் எங்கு பார்த்தாலும் உரிமையாளரின் பெயரும் பாதையும் அடையாள எண்ணும் பதிந்திருக்கும்.

விண்டோஸ் 7 வந்ததிலிருந்து இந்த வழியை மைக்ரோசாஃப்ட்டும் அடைத்துவிட்டது. யூசர் புரொஃபைல்ஸ் சன்னலில் 'காபி டு' பொத்தான், டிஃபால்ட் புரொஃபைலைத் தவிர வேறு எதைத் தேர்ந்தெடுத்தாலும் உயிரற்றுக் கிடக்கும். முறையான வழி சிஸ்பிரெப், ஒரு கணினியின் நிறுவலை மற்றவற்றுக்கு நகலெடுக்கத் தயார்செய்யும் விண்டோஸ் கருவி. கணினியை நிறுவும்போதே ஆடிட் நிலையில் நுழைந்து, உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் எல்லாவற்றையும் அமைத்து, பதில் கோப்பில் 'காபிபுரொஃபைல்' என்பதை 'ட்ரூ' ஆக்கி, கணினியைப் பொதுமைப்படுத்த வேண்டும். அப்போது அந்தத் தடங்களைக் கழித்துவிட்டு விண்டோஸே மாதிரியை உருவாக்கும். ஐம்பது கணினிகளுக்கு ஒரே இமேஜ் (நிறுவிய கணினியின் முழு நகல்) போடுகிறீர்கள் என்றால் இதைக் கற்றுக்கொள்ளலாம். ஐந்து கணினிகள்தான் என்றால், மாற்ற வேண்டிய பத்து மதிப்புகளை ஒரு ஸ்கிரிப்ட்டில் எழுதி மாதிரியில் ஏற்றுவது மேல். எதை மாற்றினோம் என்பதற்கு அந்த ஸ்கிரிப்ட்டே சாட்சியாகவும் இருக்கும்.

மொழி, விசைப்பலகை, தேதி வடிவம் ஆகியவற்றையும் ரெஜிஸ்ட்ரியில்தான் தேட வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸில் எனக்கு மிகவும் பிடித்த சின்னச் சன்னல் இதற்காகவே இருக்கிறது. பழைய கன்ட்ரோல் பேனலில் 'ரீஜியன்' என்பதைத் திறந்து 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' தாவலுக்குப் போனால் 'காபி செட்டிங்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். முதலில் உங்கள் கணக்கில் மொழி, தேதி வடிவம், தமிழ் விசைப்பலகை எல்லாவற்றையும் வேண்டியபடி வைத்துக்கொண்டு அதை அழுத்துங்கள். கீழே இரண்டு கட்டங்கள்: ஒன்று வரவேற்புத் திரைக்கு, இன்னொன்று புதிய கணக்குகளுக்கு.

இரண்டாவதை மட்டும் குறியிடுங்கள் என்பேன். வரவேற்புத் திரையிலும் இரண்டாவது விசைப்பலகை வந்துவிட்டால், யாராவது தெரியாமல் மொழியை மாற்றிவிட்டு, 'பாஸ்வேர்ட் ஏற்கவில்லை' என்று போன் செய்வார்கள். பாஸ்வேர்ட் தட்டும்போது புள்ளிகள்தானே தெரியும், எந்த மொழியில் விழுகிறது என்று யாருக்குத் தெரியும்?

பிரிண்டர் விஷயம் ஏன் இவ்வளவு படுத்துகிறது?

ஒரே சன்னலில், ஒரே மாதிரித் தோற்றத்தில், இரண்டு பொத்தான்கள் இருப்பதால்தான்.

காகிதத்தின் இரு பக்கமும் அச்சாக வேண்டும், கறுப்பு வெள்ளையில் வர வேண்டும், ஏ4 அளவாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அட்மினாக நுழைந்து பிரிண்டர் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் முதல் தாவலிலேயே 'பிரிஃபரன்சஸ்' பொத்தான் கைக்கு வாகாக நிற்கும். அதில் எல்லாவற்றையும் மாற்றிச் சேமிப்பீர்கள். சோதனைத் தாளும் இருபக்கமாக வரும். ஆனால் அது உங்களுக்கு மட்டும். எல்லோருக்குமானது 'அட்வான்ஸ்டு' தாவலில் 'பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்' என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது. திறந்தால் அதே கட்டங்கள், அதே படங்கள். முன்னது உங்கள் மூட்டை, பின்னது அடித்தளம். ஏற்கெனவே தனக்கென்று மாற்றி வைத்தவருக்கு அவர் வைத்ததே நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இருபக்க அச்சை இப்படிப் பொதுவில் வைத்த பிறகு யாரும் வந்து 'ஏன் இப்படி வருகிறது' என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஒரு பக்கமாக வேண்டியவர் அந்த ஒரு முறை மாற்றிக்கொள்கிறார். காகிதக் கட்டு தீரும் வேகம் மட்டும் குறைந்தது.

இன்னொரு தொல்லை, பிரிண்டர் தானாக மாறுவது. 2015 நவம்பரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து 'என் டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்று ஒரு விருப்பம் இருக்கிறது. இது இயங்கினால், கடைசியாக எந்தப் பிரிண்டரில் அச்சிட்டீர்களோ அதுவே அடுத்த முறைக்கும் டிஃபால்ட். மடிக்கணினியோடு ஊர் சுற்றுபவருக்கு வசதி. ஒரே மேசையில் நிற்கும் பொதுக் கணினிக்கு வினை. நேற்று ஒரே ஒரு வண்ணப்படத்துக்காக மேல்மாடிப் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தவருக்கு இன்று நாற்பது பக்க அறிக்கை மேல்மாடியில் வந்து விழும். குரூப் பாலிசி (பல கணினிகளின் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து விதிகளாக வைக்கும் விண்டோஸ் ஏற்பாடு) இருந்தால் இதை அணைக்கத் தனி விதி உண்டு. இல்லையென்றால் மாதிரியில் 'லெகஸிடிஃபால்ட்பிரிண்டர்மோடு' என்ற மதிப்பை 1 ஆக்கலாம்.

பிடிஎஃப் எந்த மென்பொருளில் திறக்க வேண்டும் என்பதையும் மாதிரியில் எழுதலாமா?

நேரடியாக எழுத முடியாது. விண்டோஸ் 8 முதல் இந்தத் தேர்வோடு ஒரு சரிபார்ப்புக் குறியும் சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. அது பொருந்தவில்லையென்றால் உங்கள் எழுத்தைத் தூக்கி எறிந்துவிடும். கண்ட மென்பொருளெல்லாம் தன்னைத்தானே டிஃபால்ட் ஆக்கிக்கொள்வதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, நம்மையும் சேர்த்துத் தடுக்கிறது.

மாற்று வழி, விண்டோஸோடு வரும் டிஸ்ம் என்ற கட்டளைக் கருவி. ஒரு கணக்கில் எல்லாத் தேர்வுகளையும் சரியாக வைத்து, டிஸ்ம் மூலம் அந்தப் பட்டியலை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து, மற்றக் கணினிகளில் இறக்குமதி செய்யலாம். இது அச்சு வகை: அதன்பின் முதன்முறையாக நுழைபவர்களுக்கு மட்டும். அதே கோப்பைக் குரூப் பாலிசி வழியாகக் காட்டினால் ஒவ்வொரு லாகினிலும் ஏறும். பயனர் இடையில் மாற்றியதும் அடித்துச் செல்லப்படும். முதல் வழியே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

டெஸ்க்டாப்பில் எல்லோருக்கும் ஒரு ஷார்ட்கட் வேண்டும். அவ்வளவுதான்.

'யூசர்ஸ்' கோப்புறைக்குள் 'பப்ளிக்', அதற்குள் மறைந்திருக்கும் 'பப்ளிக் டெஸ்க்டாப்'. அங்கே போட்டால் பழையவர், புதியவர் எல்லோருக்கும் உடனே தெரியும். மாதிரியைத் தொட வேண்டாம்.

பிரவுசரில் முகப்புப் பக்கம், பதிவிறக்கம் போன்றவை?

பிரவுசர்களில்தான் மூன்று வகையும் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. குரோமில் 'இனிஷியல் பிரிஃபரன்சஸ்' என்ற கோப்பு அச்சு. புதிய பிரவுசர் புரொஃபைல் முதலில் திறக்கும்போது மட்டும் படிக்கும். முன்பு இதற்கு 'மாஸ்டர் பிரிஃபரன்சஸ்' என்று பெயர், பழைய குறிப்புகளில் அப்படித்தான் இருக்கும். பாலிசிகளில் 'ரெகமெண்டெட்' என்பது அடித்தளம், 'மேண்டேட்டரி' என்பது பூட்டு. எல்லாப் பாலிசிகளுக்கும் ரெகமெண்டெட் வடிவம் கிடையாது.

ஃபயர்ஃபாக்ஸில் 2018இல் வந்த 60ஆம் பதிப்பிலிருந்து 'பாலிசீஸ்' என்ற ஒரே ஜேசான் வடிவ உரைக்கோப்பில் பலவற்றை எழுதிவிடலாம். பல விருப்பங்களுக்கு அது 'டிஃபால்ட்' ஆக இருக்க வேண்டுமா, 'லாக்டு' ஆக இருக்க வேண்டுமா என்று பக்கத்திலேயே குறிக்கலாம்.

எனக்கு இரண்டு விருப்பங்கள்தான் முக்கியம். ஒன்று, பதிவிறக்கும் முன் எங்கே சேமிப்பது என்று கேட்க வேண்டும். இது அடித்தளமாக இருந்தால் போதும். இரண்டாவது, பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்கவே கூடாது, இதைப் பூட்டுவேன். பொதுக் கணினியில் ஒருவர் எழுந்து போய் இன்னொருவர் உட்காரும் இடைவெளி, கணக்கிலிருந்து வெளியேற மறக்கப் போதுமான நேரம்.

எதைப் பூட்டலாம், எதை விட்டுவிடலாம்?

அடுத்தவருக்கோ அலுவலகத் தரவுக்கோ தீங்கு வரக்கூடியதை மட்டும் பூட்டுங்கள்: சும்மா கிடந்தால் திரை பூட்டிக்கொள்வது, பாஸ்வேர்ட் சேமிப்பு, வைரஸ் தடுப்பு, புதுப்பிப்புகள். மற்றதெல்லாம் பரிந்துரையாக இருக்கட்டும்.

எழுத்தின் அளவு, சுட்டியின் வேகம், இடக்கைக்கு மாற்றிய பொத்தான்கள், நிற வேறுபாடு ஆகியவற்றைப் பூட்டவே கூடாது. இவை வசதி அல்ல; சிலருக்கு இவை இல்லாமல் வேலையே ஓடாது. டெஸ்க்டாப் படத்தைப் பூட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து கேட்பார்கள். செய்துகொடுங்கள், அதோடு சேர்த்து ஏழெட்டுப் பூட்டுகள் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குரூப் பாலிசியில் 'பாலிசி', 'பிரிஃபரன்ஸ்' என்று இரண்டு இருக்கிறதே?

பாலிசி என்பது பூட்டு. பிரிஃபரன்ஸ் என்பது 2008இல் விண்டோஸ் சர்வர் 2008உடன் வந்தது. பயனர் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் பேச்சு. ஆனால் அப்படியே விட்டால் அது ஒவ்வொரு புதுப்பிப்பிலும் மீண்டும் எழுதும். பின்னணியில் அந்தப் புதுப்பிப்பு சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, அதற்கு மேல் 30 நிமிடம் வரை தள்ளியும் நடக்கும். அதனால் ஒருவர் காலையில் மாற்றியது தேநீர் வேளைக்குள் பழையபடி ஆகிவிடும். 'யாரோ என் கணினியில் கைவைக்கிறார்கள்' என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

தீர்வு ஒரே ஒரு குறிதான். அந்த உருப்படியின் 'காமன்' தாவலில் 'அப்ளை ஒன்ஸ் அண்டு டூ நாட் ரீஅப்ளை' என்று இருக்கும். அதைப் போட்டால் ஆளுக்கு ஒருமுறை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பழையவர்களுக்கும் போய்ச் சேரும் என்பதால் இது மாதிரிக் கோப்புறையைவிட வசதி. கணினிகளையும் கணக்குகளையும் ஒரு மையச் சர்வர் நிர்வகிக்கும் டொமைன் இருக்கும் இடங்களில் நான் மாதிரியைத் தொடுவதையே கிட்டத்தட்ட விட்டுவிட்டேன்.

லினக்ஸில் எப்படி?

அச்சு 'இடிசி' அடைவுக்குள் (கோப்புறையை இங்கே அடைவு என்போம்) 'ஸ்கெல்' என்ற பெயரில் இருக்கிறது. எலும்புக்கூடு என்பதன் சுருக்கம். அதில் போடும் கோப்புகள், 'யூசர்ஆட்' கட்டளை வீட்டு அடைவை உருவாக்கும்போது நகலாகும். இங்கே நகல் எடுப்பது கணக்குத் திறக்கும் நேரத்தில், முதல் லாகினில் அல்ல. மையச் சர்வரிலிருந்து கணக்குகள் வந்தால் மட்டும், லாகினைக் கையாளும் 'பேம்' தொகுப்பின் 'எம்கேஹோம்டிர்' மாட்யூல் முதல் லாகினில் அந்த வேலையைச் செய்யும். புள்ளியில் தொடங்கும் கோப்புகள் சாதாரணமாகக் கண்ணில் படாது. பட்டியலிடும்போது அவற்றையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

லினக்ஸில் பரவலாக இருக்கும் நோம் டெஸ்க்டாப் என்றால் ஸ்கெல்லை விடுங்கள். நோம் தன் அமைப்புகளை வைத்திருக்கும் டிகான்ஃப் இதைவிட நல்லது. 'இடிசி, டிகான்ஃப், டிபி, லோக்கல் டாட் டி' என்ற அடைவில் ஒரு சிறு உரைக்கோப்பு எழுதி 'டிகான்ஃப் அப்டேட்' கொடுத்தால் அது அடித்தளமாகிவிடும். அதற்கு முன் டிகான்ஃப் புரொஃபைல் கோப்பில் பயனர் தரவுத்தளம் முதல் வரியிலும் 'லோக்கல்' என்ற பொதுத் தரவுத்தளம் அடுத்த வரியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் எழுதிவிட்டு, 'ஒன்றும் நடக்கவில்லை' என்று உட்கார்ந்திருப்பவர்கள் பலர். அதே அடைவுக்குள் 'லாக்ஸ்' என்ற துணை அடைவில் அந்த அமைப்பின் விசைப் பெயரை எழுதினால் பூட்டு.

ஸ்கெல்லில் எஸ்எஸ்எச் சாவி (தொலைவிலிருந்து வேறு கணினிக்குள் நுழைய உதவும் கோப்பு), வைஃபை பாஸ்வேர்ட், மின்னஞ்சல் கணக்கு எதையும் போடாதீர்கள். இது விண்டோஸ் மாதிரிக்கும் பொருந்தும். அச்சில் ஒருமுறை விழுந்தது எத்தனை வீடுகளில் நகலாகிக் கிடக்கிறது என்று பிறகு எண்ணவும் முடியாது, திரும்பப் பெறவும் முடியாது. வீட்டு அடைவு மற்றவர் கண்ணுக்குத் தெரியுமா என்பதையும் பாருங்கள். உபுண்டு 21.04 பதிப்பிலிருந்துதான் புதிய வீட்டு அடைவுகளை மற்றப் பயனர்கள் படிக்க முடியாதபடி 750 அனுமதியோடு உருவாக்குகிறது. பழைய பதிப்பில் திறந்த கணக்குகள் அப்படியே திறந்து கிடக்கும்.

மேக்கில்?

'யூசர் டெம்ப்ளேட்' என்ற கோப்புறை உண்டு. 2019இல் வந்த கேட்டலினாவில் இயங்குதளப் பகுதி எழுத முடியாததாக ஆனபோது, அது 'சிஸ்டம்' அடியிலிருந்து நேரடி 'லைப்ரரி' கோப்புறைக்கு இடம் மாறியது. பழைய குறிப்பைப் பார்த்துத் தேடுபவர்களுக்குக் கிடைக்காமல் போவது அதனால்தான். ஆனால் இப்போது மேக்கில் இந்த வேலையைக் கான்ஃபிகரேஷன் புரொஃபைல்கள் என்ற அமைப்புக் கோப்புகள் வழியாக, சாதன மேலாண்மைச் சேவை கொண்டு செய்வதே வழக்கம். டெம்ப்ளேட்டில் நான் கைவைப்பதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு? எல்லோருக்கும் ஒரே பொதுக் கணக்கு வைத்துவிட்டால்?

முன்னமைப்புச் சிக்கல் தீர்ந்துவிடும். யார் எந்தக் கோப்பை அழித்தார், யார் எதை அனுப்பினார் என்று கேட்டால் பதில் இல்லாத சிக்கல் அந்த இடத்தில் வந்து உட்காரும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அந்தப் பொதுப் பாஸ்வேர்டை மாற்றி மற்ற எல்லோருக்கும் சொல்ல வேண்டும். வேண்டாம்.

பார்வையாளர்கள் மட்டும் பயன்படுத்தும் கணினி என்றால் வேறு. விண்டோஸில் 'என்டியூசர்' கோப்பின் பின்னொட்டை 'மேன்' என்று மாற்றிக் கட்டாயப் புரொஃபைல் ஆக்கலாம். அவர்கள் என்ன மாற்றினாலும் வெளியேறியதும் மறைந்துவிடும்.

பழைய ஆட்களின் புரொஃபைல்களால் டிஸ்க் நிறைகிறது. கோப்புறையை அழித்துவிடலாமா?

கோப்புறையை நேராக அழிக்காதீர்கள். ரெஜிஸ்ட்ரியின் 'புரொஃபைல்லிஸ்ட்' பகுதியில் அந்த ஆளுக்கான பதிவு அப்படியே நிற்கும்; அவர் மறுபடி நுழையும்போது விண்டோஸ் இல்லாத கோப்புறையைத் தேடிக் குழம்பி, தற்காலிகப் புரொஃபைலில் கொண்டுபோய் விடும். அதில் அவர் நாள் முழுக்கச் செய்த வேலை வெளியேறியதும் போய்விடும். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் யூசர் புரொஃபைல்ஸ் சன்னலுக்குப் போய் அங்கிருந்து நீக்குங்கள். இரண்டும் சேர்ந்தே போகும். நாள்கணக்கு வைத்துப் பழையதைத் தானாக நீக்கும் பாலிசியும் இருக்கிறது. அதை இயக்கும் முன், டெஸ்க்டாப்பிலேயே கோப்புகளைக் குவித்து வைப்பவர் யாரென்று ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

மாற்றியது சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

உங்கள் கணக்கில் பார்க்காதீர்கள், அட்மின் கணக்கிலும் பார்க்காதீர்கள். 'சோதனை' என்று ஒரு சாதாரணக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நுழைந்து பாருங்கள், வெளியேறுங்கள், மேலே சொன்ன சன்னலில் அதன் புரொஃபைலை நீக்குங்கள், மாதிரியைத் திருத்துங்கள், மறுபடி நுழையுங்கள். நீக்காமல் மறுபடி நுழைந்தால் பழைய நகலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு முழு மதியத்தை நான் அப்படி இழந்திருக்கிறேன்.

உள்ளே போனதும் புதியவர் செய்வதையே அதே வரிசையில் செய்து பாருங்கள். ஒரு பிடிஎஃப் திறங்கள். ஒரு வரியைத் தமிழில் தட்டுங்கள். எக்ஸெலில் ஒரு தேதியைப் போட்டு, நாளும் மாதமும் இடம் மாறவில்லையே என்று பாருங்கள். இரண்டு பக்கங்களை அச்சிட்டு, எழுந்து போய், எந்தப் பிரிண்டரில் எத்தனை தாளாக வந்திருக்கிறது என்று கையில் எடுத்துப் பாருங்கள்.